பாஸ்போர்ட் போச்சு, அடுத்து என்ன?

தோள்பையோடு வெளிநாடு சுற்றுகிறவர்கள் பாஸ்போர்ட் திருட்டு பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்பலாம் என்று போன இதழில் ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். வந்து விழுந்த கடிதங்களைப் பார்த்தால், ஊர் சுற்றுகிறவர்களைவிடத் திருடர்கள்தான் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள் போலிருக்கிறது. பெயர், ஊர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. ஒரு ஹாஸ்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து இதை அனுப்புகிறேன். நேற்று இரவுப் பேருந்தில் தூங்கிவிட்டேன், விழித்துப் பார்த்தால் காலடியில் வைத்திருந்த சின்னப் பையைக் காணோம். பாஸ்போர்ட், ஒரு வங்கி அட்டை, கொஞ்சம் பணம், எல்லாம் அதில்தான் இருந்தது. போன் மட்டும் சட்டைப்பையில் இருந்ததால் தப்பித்தது. இன்று வெள்ளிக்கிழமை மாலை. தூதரகம் தலைநகரில், அதுவும் திங்கட்கிழமைதான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை அடுத்த நாட்டுக்கு ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் எதைச் செய்வது?

தம்பிக்கு அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டேன், இப்போது அவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். இதே நிலையில் நாளைக்கு மாட்டப்போகிறவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம் தேடுவதற்கு. ஏன் என்றால், 'திருடு போனது' என்று தூதரகத்தில் ஒரு தடவை பதிந்துவிட்டால் அந்தப் புத்தகம் செத்துப்போன மாதிரிதான், பிறகு கிடைத்தாலும் உயிர் வராது. பேருந்து நிறுத்துமிடத்துக்கே திரும்பிப் போய்க் கேளுங்கள். சில்லறைத் திருடனுக்கு வேண்டியது பணமும் போனும்தான். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பையோடு சேர்த்துப் பக்கத்துக் குப்பைத்தொட்டியிலோ இருக்கைக்கு அடியிலோ வீசிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு இதே மாதிரி நடந்தபோது பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஒரு பிளாஸ்டிக் வாளியை என் முன்னால் கவிழ்த்துக் கொட்டினார், உள்ளே நான்கு ஒற்றைச் செருப்பு, ஒரு கழுத்துத் தலையணை, யாருடைய மூக்குக் கண்ணாடியோ. பாஸ்போர்ட் இல்லை. ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் வீண் என்று நான் சொல்லமாட்டேன், அதன்பிறகு 'ஒருவேளை அங்கே இருக்குமோ' என்கிற யோசனை என்னைப் பிடித்து இழுக்கவே இல்லை.

திருடு போன வங்கி அட்டையை முடக்குவதற்கு இந்த ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அதை நடந்துகொண்டே வங்கிச் செயலியில் செய்துவிடலாம்.

அப்புறம் காவல் நிலையம், அதுவும் அன்றைக்கே. பயணக் காப்பீடு எடுத்திருந்தால் பல பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அங்கே கவனிக்க வேண்டியது ஒரு சொல். பல இடங்களில் மேசையில் இருப்பவர் 'தொலைந்தது' என்று எழுதி முடித்துவிடப் பார்ப்பார், அவருக்கு வேலை குறைவு. நீங்கள் 'திருடு போனது' என்றே எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் காப்பீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றல்ல. நான் போன நிலையத்தில் ஒரு அதிகாரி இரண்டே விரலால் தட்டச்சு செய்துகொண்டிருந்தார், ஒவ்வொரு எழுத்துக்கும் என் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், என் பெயரை முடிக்கவே பத்து நிமிடம் ஆனது. அதிலும் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். அலுப்பில் நான் சரி போகட்டும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் தூதரகத்தில் அந்த ஒரு எழுத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். முத்திரையும் புகார் எண்ணும் உள்ள நகல் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். ஸ்பெயின், இத்தாலி, ஸ்பானிஷ் பேசும் தென்னமெரிக்க நாடுகளில் இந்தக் காகிதத்துக்கு 'டெனுன்சியா' என்று பெயர், அந்த ஒரு சொல்லைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் என்று தனியாகவே உண்டு, எண் 1155.

பாஸ்போர்ட் எண் நினைவில் இல்லை, நகலும் இல்லை என்று பலர் கையைப் பிசைகிறார்கள். பதற வேண்டாம், நீங்கள் போன இடமெல்லாம் அதை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். முந்தின நாள் தங்கிய ஹாஸ்டலில் பதிவு செய்யும்போது நகல் எடுத்திருப்பார்கள், ஒரு மின்னஞ்சல் போட்டால் அனுப்பிவிடுவார்கள். மின்விசா வாங்கியிருந்தால் அந்தக் கடிதத்தில் எண் இருக்கும். விமானப் பயணத்துக்கு இணையத்தில் செக்-இன் செய்த பக்கத்தில் இருக்கலாம். இந்தத் தம்பிக்குப் பழைய ஹாஸ்டலிலிருந்து அரை மணி நேரத்தில் படம் வந்துவிட்டது, கொஞ்சம் சாய்ந்து, ஒரு ஓரத்தில் யாரோ கட்டைவிரல் தெரிய. அதுவே போதுமானதாக இருந்தது.

தூதரகம் திங்கள்தான் திறக்கும் என்பது கதவைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அநேகமாக எல்லாத் தூதரகங்களும் தங்கள் குடிமக்களின் ஆபத்துக்கு என்று ஒரு அவசர எண் வைத்திருக்கும், அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கும். சனிக்கிழமை காலை கூப்பிட்டு என்னென்ன காகிதம், எத்தனை புகைப்படம், கட்டணத்தைப் பணமாகக் கட்ட வேண்டுமா அட்டையிலா என்று கேட்டுக்கொண்டால், திங்கட்கிழமை ஒரே நடையில் வேலை முடிய வாய்ப்பு உண்டு. புகைப்பட அளவைக் கேட்க மறக்காதீர்கள். அமெரிக்காவுக்கு 51 மில்லிமீட்டர் சதுரம், பிரிட்டனுக்கும் ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளுக்கும் 35-க்கு 45. தப்பான அளவில் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயில்? ஏறவே கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்டினால், இங்கே பொருளைப் பறிகொடுத்தவராக இருக்கிற நீங்கள் அங்கே ஆவணமில்லாமல் நுழைந்தவர் ஆகிவிடுவீர்கள். டிக்கெட் பணம் போகட்டும்.

கேள்வி: மேடம், நீங்கள் சொல்வது போலப் போலீஸ், தூதரகம் எல்லாம் முடித்து, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தூதரகம் தருகிற அவசரப் பயண ஆவணத்தையும் கையில் வாங்கிவிட்டேன். விமான நிலையத்தில் இமிகிரேஷன் மேசையில் நிறுத்திவிட்டார்கள். 'எப்போது இந்த நாட்டுக்குள் வந்தாய், விசா எங்கே' என்று கேட்டார்கள். விமானம் போயே போய்விட்டது. என் மேல் என்ன தப்பு?

உங்கள் மேல் தப்பில்லை, உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே முக்கியமானது இதுதான் என்பேன், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பாஸ்போர்ட் திருடு போகும்போது போவது ஒரு பொருள் இல்லை, இரண்டு. ஒன்று, நீங்கள் யார், எந்த நாட்டுக்காரர் என்கிற சான்று. அது உங்கள் அரசாங்கம் கொடுத்தது, உங்கள் தூதரகம்தான் திருப்பிக் கொடுக்க முடியும். மற்றொன்று, அந்தப் புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் இருந்த விசாவும் நுழைவு முத்திரையும். அது நீங்கள் நின்றுகொண்டிருக்கிற நாட்டு அரசாங்கம் கொடுத்த அனுமதி. அதை உங்கள் தூதரகம் திருப்பித் தர முடியாது, அந்த நாட்டின் குடியேற்றத் துறைதான் (இமிகிரேஷன்) தர வேண்டும். எல்லோரும் முதல் பாதியை முடித்துவிட்டு நிம்மதியாக டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். வெளியேறும் மேசையில் இருக்கிறவர் கண்ணுக்கு நீங்கள் எப்படித் தெரிவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கையில் நேற்று அச்சடித்த ஆவணம், அதில் விசா இல்லை, எப்போது உள்ளே வந்தீர்கள் என்பதற்கு ஒரு முத்திரையும் இல்லை. கள்ளத்தனமாக நுழைந்தவரின் ஆவணமும் இப்படித்தானே இருக்கும்?

நடைமுறை நாட்டுக்கு நாடு வேறு. தாய்லாந்தில் தூதரகக் கடிதம், போலீஸ் புகார், புது ஆவணம் மூன்றையும் எடுத்துக்கொண்டு குடியேற்ற அலுவலகத்துக்குப் போனால் பழைய நுழைவு விவரத்தைப் புது ஆவணத்துக்கு மாற்றித் தருவார்கள். வியட்நாமில் வெளியேறும் விசா என்று தனியாக வாங்க வேண்டியிருக்கும், அதற்குச் சில வேலை நாட்கள் பிடிக்கும். அமெரிக்காவில் ஐ-94 என்கிற வருகைப் பதிவு இணையத்தில் இருக்கிறது, அதை அச்செடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் ஒரே விசாவில் சுற்ற முடிகிற ஷெங்கன் நாடுகளிலும் 2025 அக்டோபரிலிருந்து முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் வைத்துக் கணினியில் பதிகிற முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள், அங்கே முத்திரை போனாலும் பதிவு இருக்கும். ஆனாலும் பதிவு இருக்கிறதே என்று நேராக விமான நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். தூதரகத்தில் ஆவணம் வாங்கும்போதே 'வெளியேற இந்த நாட்டில் எனக்கு வேறு என்ன காகிதம் வேண்டும்' என்று கேளுங்கள். அந்த ஊரில் இதே வேலையைத் தினம் பார்க்கிறவர்கள் அவர்கள்.

இதற்குள் விசா நாள் முடிந்துவிட்டால்? சொல்லாமல் இருந்தால் கூடுதல் நாளுக்கான அபராதம் உங்கள் தலையில். முடிவதற்கு முன்பே குடியேற்ற அலுவலகத்தில் போய்ப் புகார் நகலைக் காட்டினால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

ஆக, டிக்கெட் கடைசியில்தான். இரண்டு அரசாங்கத்தின் காகிதமும் கைக்கு வந்த பிறகு.

கேள்வி: புகார் கொடுத்து மூன்று நாள் கழித்து, பேக்பேக்கின் முதுகுப் பக்கத் துணிக்கும் சட்டத்துக்கும் நடுவில் பாஸ்போர்ட் கிடைத்தது. சிரிக்காதீர்கள். அதையே பயன்படுத்தலாமா?

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். பயன்படுத்தக் கூடாது. பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும், ஆனால் எல்லையில் ஸ்கேன் செய்ததும் திரையில் சிவப்பாக ஏதாவது வரும், உங்களைத் தனி அறைக்குக் கூட்டிப்போவார்கள். தூதரகத்திடம் ஒப்படைத்துவிடுங்கள். விசா உள்ள பழைய புத்தகத்தை ரத்து முத்திரை போட்டுத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், சில நாடுகள் தருகின்றன. நுழைவு முத்திரையைக் காட்ட அது உதவும்.

கேள்வி: திருடியவன் என் பாஸ்போர்ட்டை வைத்து என்ன செய்வான்? என் பெயரில் வேறொருவன் குற்றம் செய்தால் நான் மாட்டிக்கொள்வேனா? இரவு தூக்கம் வரவில்லை.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அளவு கொஞ்சம் கூடிவிட்டது. திருட்டுப் பாஸ்போர்ட்டுக்குச் சந்தை உண்டு என்பது உண்மை. உலகத்துக்கே அது தெரிந்தது 2014 மார்ச் 8-ஆம் தேதி காணாமல் போன எம்எச்370 என்கிற மலேசிய விமானத்தின்போது. அந்த விமானத்தில் இரண்டு பேர் ஒரு ஆஸ்திரியப் பாஸ்போர்ட்டிலும் ஒரு இத்தாலியப் பாஸ்போர்ட்டிலும் ஏறியிருந்தார்கள். இரண்டும் அதற்கு முன்பே தாய்லாந்தில் உல்லாசப் பயணிகளிடமிருந்து திருடு போனவை. பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்த இத்தாலியக்காரர், தான் உயிரோடு இருப்பதாக வீட்டுக்குப் போன் செய்து சொல்ல வேண்டியதாயிற்று. ஏறியவர்கள் பயங்கரவாதிகள் இல்லை, ஐரோப்பாவில் அடைக்கலம் தேடிப் போன இரண்டு ஈரானிய இளைஞர்கள் என்று விசாரணையில் தெரியவந்தது.

இதில் நமக்கு வேண்டிய செய்தி வேறு. அந்த இரண்டு பாஸ்போர்ட்டும், பல நாட்டுப் போலீசையும் இணைக்கிற அமைப்பான இன்டர்போலின் பட்டியலில் அப்போதே இருந்தன. விமான நிலையத்தில் அந்தப் பட்டியலைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். திருடு போன, தொலைந்த பயண ஆவணங்களுக்கான அந்தத் தரவுத்தளத்தை இன்டர்போல் 2002-இல் தொடங்கியது, இன்றைக்கு 10 கோடிக்கும் மேல் பதிவுகள் அதில் இருக்கின்றன. நாமாக அதில் ஒன்றைப் பதிய முடியாது. நாம் நம் தூதரகத்துக்குச் சொல்ல, நம் நாட்டு அரசாங்கம் பதிகிறது. அதனால்தான் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கத்துகிறேன். உங்கள் புத்தகத்தோடு வேறொருவன் எங்கேயாவது போய் நின்றால், அதற்கு முந்தின தேதி போட்ட புகார் உங்கள் கையில் இருக்க வேண்டும். அது இருந்தால் நன்றாகத் தூங்கலாம்.

பாஸ்போர்ட்டில் உள்ள சிப்பை யாராவது பக்கத்தில் நின்றே படித்துவிடுவார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தச் சிப் சும்மா திறக்காது. படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறி அம்புக்குறியாக இரண்டு வரி ஓடுகிறதே, வரிக்கு 44 எழுத்து, அதிலுள்ள பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி மூன்றும்தான் அதற்குச் சாவி. அதாவது புத்தகத்தைத் திறந்து பார்க்காதவனுக்குச் சிப்பும் திறக்காது. அலைவரிசை தடுக்கும் உறை என்று விற்கிறார்களே, அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கலாம். நான் பயப்படுவது படப் பக்கத்தின் போட்டோவுக்குத்தான். அதை வைத்து இணையத்தில் கணக்குத் தொடங்குகிற ஆட்கள் உண்டு, ஆகவே வாட்ஸ்அப்பில் கண்டவருக்கெல்லாம் அதை அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தபோது கடைக்காரர் பாஸ்போர்ட்டை அடமானமாக வாங்கி வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கும்போது, ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி மூன்று மாத வாடகைக்குச் சமமான தொகை கேட்கிறார். கொடுக்காவிட்டால் பாஸ்போர்ட் இல்லை என்கிறார். திருடு போனது என்று புகார் கொடுத்துப் புதிதாக வாங்கிவிடலாமா?

பொய்ப் புகார் வேண்டாம். அந்த ஊர்ச் சட்டப்படி அது குற்றம். திருட்டு நடந்த இடம் என்று ஏதாவது பேருந்து நிலையத்தைப் புகாரில் எழுதிவைத்து, அங்கே கேமரா இருந்தால் நீங்கள் அங்கே போகவே இல்லை என்று தெரிந்துவிடும். அதுவும் இல்லாமல், உங்கள் பாஸ்போர்ட் ரத்தானாலும் கடைக்காரரிடம் உங்கள் முழு விவரமும் படத்தோடு இருக்கும்.

நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். பாஸ்போர்ட் உங்கள் சொத்துகூட இல்லை, அதை வழங்கிய அரசாங்கத்தின் சொத்து. பெரும்பாலான நாடுகளின் பாஸ்போர்ட்டில் இது அச்சடித்தே இருக்கும். கடைக்காரரிடம் அதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்: 'இது என் அரசாங்கத்தின் சொத்து, இதை நீங்கள் வைத்திருப்பதாகத் தூதரகத்துக்கும் சுற்றுலாப் போலீசுக்கும் சொல்லப்போகிறேன்.' குரலை உயர்த்த வேண்டாம், போனை எடுத்து எண்ணை அழுத்தினாலே பாதிப் பேர் தொகையைக் குறைக்க ஆரம்பித்துவிடுவார்கள். போலீஸ் வந்தாலும் பேசி ஒரு தொகையில் முடிக்கத்தான் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பணம் போகும். கேட்டதில் பாதிக்கும் கீழே இறங்கிவந்தால் கொடுத்துவிட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், நியாயம் பேசி நான்கு நாள் அங்கே உட்காருவதைவிட அது மலிவு.

அடுத்த தடவை நகலும் பண வைப்புத்தொகையும் மட்டும் கொடுங்கள். அசல்தான் வேண்டும் என்றால் அடுத்த கடை. வண்டி எடுக்கும்போதே நான்கு பக்கமும் சுற்றி வந்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் குரலும் அதில் விழுகிற மாதிரி.

கேள்வி: ஆறு மாதப் பயணத்தில் இரண்டாவது மாதத்திலேயே பாஸ்போர்ட் போய்விட்டது. இன்னும் நான்கு நாடு பாக்கி. அவசர ஆவணத்தை வைத்துக்கொண்டே தொடர முடியுமா?

அது எந்த நாட்டு ஆவணம் என்பதைப் பொறுத்தது. இந்தியா தருகிற அவசரச் சான்றிதழ் இந்தியாவுக்குத் திரும்பிப் போவதற்கு மட்டும், ஒரு வழிப் பயணம். பிரிட்டனின் அவசர ஆவணத்தில் போகப்போகிற வழியைச் சொல்லி ஐந்து நாடுகள் வரை குறித்து வாங்கலாம், ஆனால் வழியை இடையில் மாற்ற முடியாது. அமெரிக்கா ஒரு வருடம் வரை செல்லுபடியாகும் அவசரப் பாஸ்போர்ட்டாகவே கொடுத்துவிடுகிறது. ஆக, உங்கள் தூதரகத்தில் கேட்க வேண்டிய கேள்வி 'அவசர ஆவணமா, முழுப் பாஸ்போர்ட்டா' என்பதுதான். முழுப் பாஸ்போர்ட் என்றால் நாள் ஆகும், சில இடங்களில் வாரக்கணக்கில்.

ஆவணத்தைத் தருவது உங்கள் நாடு, அதை ஏற்பதா வேண்டாமா என்பது அடுத்த நாட்டின் இஷ்டம். விசா இல்லாமலே நுழையலாம் என்று ஒரு நாடு சொன்னால் அது சாதாரணப் பாஸ்போர்ட்டுக்குச் சொன்னது. அவசர ஆவணத்துக்கு விசா கேட்கலாம், அடியோடு மறுக்கவும் செய்யலாம். நடுவில் விமானம் மாறுகிற ஊரிலும் இதே சிக்கல், ஆகவே நேரடி விமானம் கிடைத்தால் விலை கூடுதலானாலும் அதையே எடுங்கள். முன்பே வாங்கிய மின்விசாக்கள் எல்லாம் பழைய எண்ணோடு கட்டப்பட்டவை, எண் மாறியதும் அவற்றில் பெரும்பாலானவை செல்லாது. புத்தகத்தில் ஒட்டியிருந்த விசாக்களைக் கொடுத்த நாடுகளுக்கும் திருட்டைத் தெரிவிக்க வேண்டும். உதாரணத்துக்கு, அமெரிக்க விசா அமெரிக்காவில் இருக்கும்போது திருடு போனால் அங்கேயே மாற்று வாங்க முடியாது, வெளியே வந்து ஒரு அமெரிக்கத் தூதரகத்தில்தான் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும்.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால்: பாக்கி நான்கு நாட்டில் மூன்றுக்கு விசா திரும்ப வாங்க வேண்டும் என்றால் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். ஒரு நாட்டில்தான் சிக்கல் என்றால், முழுப் பாஸ்போர்ட் வரும் வரை இருக்கிற ஊரிலேயே தங்கி அந்த ஊரையாவது ஒழுங்காகப் பாருங்கள். நான் அப்படி மாட்டிக்கொண்டு பதினாறு நாள் இருந்த ஊரைத்தான் இன்றைக்கும் எனக்குத் தெருத் தெருவாகத் தெரியும்.

கேள்வி: நான் இருக்கும் நாட்டில் எங்கள் நாட்டுக்குத் தூதரகமே இல்லை. யாரோ கௌரவ கன்சல் ஒருவர் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவரால் ஆகுமா?

கௌரவ கன்சல் என்பவர் உங்கள் நாட்டின் சார்பாகத் தூதரக வேலையில் கொஞ்சத்தைப் பார்க்கிறவர், பெரும்பாலும் அந்த ஊரிலேயே இருக்கிற ஒரு வியாபாரியோ வழக்கறிஞரோதான், முழுநேர அதிகாரி இல்லை. ஆவணம் வழங்கும் அதிகாரம் பலருக்கு இருக்காது. ஆனால் உங்கள் விண்ணப்பத்தைப் பக்கத்து நாட்டுத் தூதரகத்துக்கு அனுப்பிவைப்பார், உள்ளூர் போலீஸோடு அவர்கள் மொழியிலேயே பேசுவார், அது பெரிய உதவி.

பக்கத்து நாட்டில் உள்ள எந்தத் தூதரகம் நீங்கள் இருக்கும் நாட்டையும் கவனிக்கிறது என்று உங்கள் வெளியுறவுத் துறை இணையதளத்தில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் வேறு எந்த உறுப்பு நாட்டுத் தூதரகத்திலும் அவசர ஆவணம் கேட்கலாம். கனடாவும் ஆஸ்திரேலியாவும் சில இடங்களில் ஒருவர் மக்களை மற்றவர் பார்த்துக்கொள்வது என்று ஒப்பந்தமே போட்டிருக்கின்றன. குடிமக்களுக்குப் பயண ஆவணம் வழங்குவது தூதரகப் பணி என்று 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது, ஆகவே கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அதேசமயம் ஹாஸ்டல் வாடகையைக் கட்டு, வக்கீல் வை, திருடனைப் பிடி என்றெல்லாம் கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். பணமே இல்லாமல் நிற்கிறவருக்குச் சில நாடுகள் திருப்பிக் கட்டுகிற கடனாகக் கொடுப்பதுண்டு.

கேள்வி: என் மகள் முதல் தடவையாகத் தனியாகப் பேக்பேக்கிங் போகிறாள். பாஸ்போர்ட்டை உடம்போடு வைத்திருக்க வேண்டுமா, அறையில் பூட்டி வைக்க வேண்டுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டு கட்சியும் பாதி சரி. நகரும் நாளில், அதாவது பேருந்து, ரயில், விமானம், அறை மாறுகிற நாளில், உடம்போடு, உடைக்கு உள்ளே. பல ஊர்களில் பேருந்து இருக்கையின் காலடியில் வைத்த பையைப் பின்னால் இருக்கிறவர் மெதுவாக இழுத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு திரும்பத் தள்ளிவிடுவார். தலைக்கு மேல் உள்ள தட்டும் அப்படித்தான். ஒரே இடத்தில் தங்கிச் சுற்றிப் பார்க்கிற நாளில் லாக்கரில், உங்கள் சொந்தப் பூட்டு போட்டு. ஹாஸ்டல் கொடுக்கிற பூட்டுக்கு எத்தனை சாவி இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. சில நாடுகளில் வெளிநாட்டவர் அசல் பாஸ்போர்ட்டையே எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் உண்டு, போகிற நாட்டில் எப்படி என்று முன்பே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தெருவில் சாதாரண உடையில் ஒருவர் வந்து 'போலீஸ், பாஸ்போர்ட்டைக் காட்டு, பர்ஸையும் காட்டு' என்றால் அது பழைய தந்திரம். நடுத்தெருவில் பர்ஸைக் கேட்டால் சந்தேகப்பட வேண்டும். 'பக்கத்து நிலையத்துக்கு நடந்தே போகலாம், அங்கே காட்டுகிறேன்' என்று மகள் சொன்னால் போதும், போலியாக இருந்தால் அவருக்கு வேறு வேலை வந்துவிடும். சட்டையில் ஏதோ கொட்டிவிட்டது, துடைத்துவிடுகிறேன் என்று ஓடிவருகிறவரும் அதே குடும்பம்தான்.

இன்னொன்று. எல்லோரும் நகலை போனிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள் என்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் போனும் சேர்ந்து போனால்? வேறொருவர் போனில் மின்னஞ்சலைத் திறக்கப் போனால் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) அந்தத் திருடு போன போனுக்கே போகும். பாஸ்போர்ட் போனதைவிட இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்கள் பட்ட பாடுதான் எனக்கு வந்த கடிதங்களில் அதிகம். ஆகவே படப் பக்கம், விசாப் பக்கம், ஒவ்வொரு நாட்டிலும் நுழைந்ததும் போட்ட முத்திரை, இவற்றைப் படமெடுத்து அன்றன்றைக்கு உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், அம்மாவிடமோ அப்பாவிடமோ இருப்பதைத் திறக்க கடவுச்சொல் தேவையில்லை. உங்கள் தொலைபேசி எண்ணை மகள் மனப்பாடமாகச் சொல்வாளா என்று கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது.

அதோடு இரண்டாவது வங்கி அட்டை ஒன்று, கொஞ்சம் பணம், நான்கு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், காகித நகல் ஒன்று, இவற்றைப் பாஸ்போர்ட் இருக்கிற பையில் வைக்காமல், பெரிய பேக்பேக்கின் அடியில் ஒரு பழைய காலுறைக்குள் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். துவைக்காத காலுறையாக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: காப்பீட்டில் பாஸ்போர்ட் செலவு திரும்பக் கிடைக்குமா?

பாலிசியில் 'பயண ஆவண இழப்பு' என்று ஒரு வரி இருந்தால் கிடைக்கும். பெரும்பாலும் புது ஆவணத்துக்கான கட்டணம், அதை வாங்கத் தலைநகருக்குப் போன பயணச் செலவு, சிலவற்றில் கூடுதலாகத் தங்கிய செலவு. கவனிக்காமல் விட்டுவைத்த பையிலிருந்து போனது என்றால் மறுக்கலாம். புகாரில் 'பக்கத்து மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்' என்று இருந்தால் காப்பீட்டுக்காரர் அதைத்தான் முதலில் படிப்பார். அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. பேருந்து ரசீது, புகைப்படக் கடை ரசீது, தூதரகக் கட்டண ரசீது எல்லாவற்றையும் கிடைத்த அன்றே படமெடுத்து வையுங்கள், அந்தச் சூட்டு அச்சு ரசீதுகள் ஒரு மாதத்தில் வெள்ளைத்தாள் ஆகிவிடும். என்னுடையது ஆனது.